சீருக்கு ஒரு ஜோடி நாய்

“நகைநட்டெல்லாம் எங்களுக்கு வேண்டாம் தாயி. ஒரு ஜோடி கன்னி நாயி குடுத்துருங்க, அது போதும்” என்றார் வன்னியபெருமாள். மகன் ஜெயபாண்டிக்குப் பெண் பார்க்க, கடம்பூர் போளியும் பூவும் பழமுமாகக் கழுகுமலைக்கு வந்திருந்தார்.

பெண்ணின் தாய் சொர்ணத்தாய் முழித்தாள். “நாயா அண்ணாச்சி?”

“வேட்டை நாயி. பையனுக்கு வேட்டைன்னா உசுருல்லா!”

பையனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இந்த இடத்தையும் விட்டால் வேறு இடம் இல்லை. பெண் சர்க்கார் உத்தியோகம் என்று தரகர் சொன்னதுமே மனிதருக்கு வாயெல்லாம் பல். சம்பளம் கேட்டார், பென்ஷன் கேட்டார், ஜாதகம் கேட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது?

முத்துச்செல்வி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. மாதச் சம்பளக்காரியிடம் நிறம் பார்க்கலாமா என்று வன்னியபெருமாள் பெரிய மனது பண்ணிக்கொண்டார்.

“ஏலே, அந்தப் போட்டோவக் காட்டுலே.”

ஜெயபாண்டி செல்போனை நீட்டினான். படத்தில், செத்துக் கிடந்த புள்ளிமானின் கழுத்தில் காலை வைத்து, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். சுற்றிலும் நாலு நாய்கள், கம்போடு ஐந்தாறு கூட்டாளிகள். ஒரு மானைக் கொல்ல இத்தனை வீரர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

“பயிர எதுவும் மேஞ்சிருச்சா மாப்பிள்ள?”

“இல்ல அத்தை, சும்மா ஒரு ஜாலிக்கு. ஊருணியில தண்ணி குடிக்க வந்துச்சு.”

“வயித்தப் பாத்தா சினை மாதிரில்லா தெரியுது?”

“அதான் ஓட முடியல. லேசாச் சிக்கிட்டு!”

அப்பனும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொர்ணத்தாய் சிரிக்கவில்லை. “ஏட்டி செல்வி, இத வந்து பாரு.”

வன்னியபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணும் பார்க்கட்டும், மாப்பிள்ளையின் வீரத்தை!

முத்துச்செல்வி படத்தை நிதானமாகப் பார்த்தாள். “இது எங்கன எடுத்தது?”

“குருமலை அடிவாரத்துல. போன மாசம்.”

“என் நம்பருக்கு அனுப்புதீங்களா?”

ஜெயபாண்டிக்குக் காது வரை சிவந்தது. நம்பரைக் கேட்டு உடனே அனுப்பினான். காரியம் பழம்தான் என்று வன்னியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அப்ப, தட்ட மாத்திருவோமா தாயி?”

படம் வந்து சேர்ந்ததைச் சரிபார்த்துவிட்டு முத்துச்செல்வி நிமிர்ந்தாள்.

“கொஞ்சம் இருங்க மாமா. எங்க ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒரு மாசமா இவியளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்.”