தோல் வாஷர்

"வாப்பா தைரியராஜ்! சௌக்கியமா? ஆத்துல குழந்தைகள்ளாம் சௌக்கியமா? இந்த வால்வைப் பாரேன். எத்தனை முறுக்கினாலும் மூட மாட்டேங்கறது. அடுப்பெல்லாம் நனைஞ்சு தளிகை உள் பூரா ஈரம்!"

வேதவதி மாமி முற்றத்தில் நின்று முறையிட்டாள். பைப் ஃபிட்டர் தைரியராஜ் பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான். 1952-ல் ஸ்ரீரங்கத்து உத்தர வீதி வீட்டில் அந்த வால்வை மாட்டியவனும் அவன்தான். பன்னிரண்டு வருஷமாயிற்று.

மாமியின் கணவர் ஆசையாகத்தான் முனிசிபல் குழாய் இழுத்தார். வால்வைத் திறந்தால் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் கொட்டும். ஆனால் அன்றைக்கே மாமி கேட்டுவிட்டாள், "இதுக்குள்ள தோல் கீல் இல்லையே?"

"தோல் வாஷர்தான் மாமி. மாட்டுத்தோல்" என்றான் தைரியராஜ்.

அவ்வளவுதான். மாட்டுத்தோல் பட்ட தண்ணீரில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுவதா? மாமி வால்வை மூடினவள் மூடினவள்தான்.

"அப்ப இத்தனை வருஷமா தண்ணிக்கு?" என்று இப்போது கேட்டான்.

"கிணறுதான். மாட்டுப்பொண் மரகதவல்லி இழுத்துக் கொட்டினா. நாளைக்கு நாப்பது குடம்."

அதற்குள் மரகதவல்லியே மோர் கொண்டுவந்தாள். வால்வு மாட்டிய அன்று அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மாசம். கொலுசு சத்தம் முன்னால் வர, அவள் பின்னால் வருவாள். இன்று வலது தோள் இறங்கியிருந்தது. டம்ளரை இடது கையால் நீட்டினாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. வலது கை தூக்க வரலை."

தைரியராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இனிமே கயித்தையே தொடப்படாதுன்னுட்டார் டாக்டர்" என்றாள் மாமி. "பக்கத்தாத்துல சொன்னா, ரப்பர்ல வாஷர் வரதாமே? ரப்பர்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. இருக்கா?"

"இருக்கு மாமி. கொண்டாந்திருக்கேன்."

"அன்னிக்கே இருந்திருக்கப்படாதோ! பாவி நான், அவ தோளை முறிச்சுட்டேன்."

அவன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு நல்ல வெயில், ஞாபகம் இருக்கா?" மாமி விடவில்லை. "நீ தண்ணி கேட்டே. கையை ஏந்தச் சொல்லி, சொம்பைத் தூக்கி ஊத்தினேன். நீ நின்ன இடத்தை நீ பாக்கப் பாக்க அலம்பி விட்டேன். இப்போ பாரு, டம்ளர்லயே தரா. காலம் மாறிடுத்து."

"ஞாபகம் இருக்கு மாமி."

வாசல் பக்கம் போய்த் தண்ணீரை அடைத்துவிட்டு வந்து, பழைய வால்வைக் கழற்றிப் பிரித்தான். உள்ளிருந்த வாஷர் வெடித்துத் துண்டு துண்டாக உள்ளங்கையில் விழுந்தது. சட்டென்று கையை மூடிக்கொண்டான்.

"காட்டு, அந்தச் சனியன் எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேன்."

"வேணாம் மாமி. தோலாச்சே, தீட்டு. நானே தூரமா வீசிடறேன்." கைக்குட்டையில் முடிந்து பைக்குள் திணித்தான்.

புது வாஷர் போட்டு வால்வைப் பொருத்தித் திறந்ததும் தொட்டியில் தண்ணீர் சோவென்று விழுந்தது. மரகதவல்லி இடது கையை அதில் நீட்டினாள்.

"கயிறில்லாம வரதும்மா!" என்று சிரித்தவளுக்கு, சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ நன்னா இருக்கணும்ப்பா தைரியராஜ்!"

அவன் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தான். காவேரிப் பாலம் வந்ததும் இறங்கி, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தான்.

இந்த ஊர் வழக்கம் தெரிந்து, மலைக்கோட்டைக் கடைவீதியெல்லாம் அலைந்து அவன் அன்று தேடி வாங்கி மாட்டிய வாஷர் அது. மாமி சொம்பைத் தூக்கி ஊற்றிய ஆத்திரத்தில்தான், அவள் கேட்டபோது 'தோல்' என்றானே தவிர, அதுவும் ரப்பர்தான்.