ஐந்தில் ஓடும் ஃபேன்

அவளுக்கு ஏழாம் மாதம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை.

“நார்மலை ஒட்டி வந்திருக்கு. படபடப்பு, உடம்புச் சூடு இருக்கா?” என்றார் டாக்டர்.

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் முந்தினான். “சூடு குறையவே இல்லை டாக்டர். ராத்திரி பூரா ஃபேன் அஞ்சுலதான் ஓடணும்கிறா. நான் ரெண்டு கம்பளிக்குள்ள கிடக்கேன்.”

“அப்ப மாத்திரையைக் கூட்டணும். அளவு மிஞ்சினா குழந்தையோட தைராய்டை அமுக்கிடும், அதான் யோசிக்கிறேன்.” டாக்டர் எழுதத் தொடங்கினார்.

அவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். “கூட்டாதீங்க டாக்டர். சூடு போன மாசமே போயிடுச்சு.”

“அப்புறம் எதுக்குடி ஃபேன்?”

“அந்தச் சத்தம் இல்லேன்னா உங்க குறட்டை கேக்குதுங்க.”

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். புதுச் சீட்டை எடுத்துக் கணவனைப் பார்த்தார்.

“உங்க வயசு என்ன?”