பத்துக் கூடைக்கு ஒரு பொம்மை

"பத்துக் கூடை தர்றேன்க்கா. அந்த ஒரு பொம்மைய மட்டும் குடுங்க."

நிலக்ஷி தன் கழுத்துத் துணியில் ஊக்கால் குத்தியிருந்த பொம்மையைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டாள். நுவரெலியாவில் நடந்த சாரணியர் பாசறைக்குக் கொட்டகலையிலிருந்து வந்தவள் அவள். எதிரே நின்ற பிரியந்தி, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. போன வருடப் பாசறையில் அந்தப் பொம்மையைச் செய்து கொடுத்தவளே அவள்தான்.

பாசறைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் கைப்பட ஏதாவது சின்னதாகச் செய்து கொண்டுவருவாள். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. எழுதாத சட்டம்தான், ஆனால் மீறினவளை மற்றவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

"நல்லா இருக்கே கூத்து! நீ குடுத்ததையே நீ திருப்பிக் கேப்பியா?"

"திருப்பிக் கேக்கலக்கா. மாத்திக்கிறேன்னுதான் சொல்றேன்."

பிரியந்தி பையைத் திறந்து காட்டினாள். அத்தனையும் தேயிலை பறிக்கிறவர்கள் முதுகில் மாட்டுகிற கொழுந்துக் கூடைகள்! உரச் சாக்கின் நூலைப் பிரித்துப் பின்னியவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்தான். அதற்குள்ளே பச்சை நூலில் இரண்டு இலை, ஒரு மொட்டு. அம்மாடி, மனுசக் கைதானா இது என்று நிலக்ஷி அசந்துபோனாள். ஒன்றை எடுத்துக்கொள்ளக் கை துறுதுறுத்தது.

ஆனாலும் பொம்மையை விட மனம் வரவில்லை. தேயிலைக் குச்சியில் செய்த கொழுந்துக்காரி அது. கருநீலச் சேலை, அதன் நடுவே பொட்டு வைத்தாற்போல் ஒரு தங்க வட்டம். ஒரு வருடமாக அவளுடைய படிப்பு மேசையில் நின்ற பொம்மை.

"முடியாது போ" என்றாள்.

பிரியந்தி முகம் சுருங்கித் திரும்பிப் போனாள்.

பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதி ஜெயந்தினி கிட்டே வந்தாள். "உங்கிட்ட மட்டுமா கேட்டா? மாத்தறைப் பிள்ளைங்ககிட்டயும் சிங்களத்துல கெஞ்சி வாங்கிட்டா. இந்தத் தடவை வராத பிள்ளைங்களுக்குச் சொல்லி அனுப்பியும் வாங்கிருக்கா. போன வருசம் குடுத்தது பன்னெண்டு பொம்மை. பதினொன்னு கைக்கு வந்துருச்சாம்."

"ஒவ்வொன்னுக்கும் பத்துக் கூடையா? எதுக்குடி?"

"எதுக்கா? கடைசி நாள் கைவேலைக்குப் பரிசு இருக்குல்ல! பழசைப் புதுசுன்னு காட்டி வாங்கப் போறா. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

நிலக்ஷிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கைத்திறன் இருந்தும் இந்தப் புத்தியா?

கடைசி நாள் காலை, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று பிரியந்தியின் கூடாரத்துக்குப் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. பதினொரு பொம்மைகளும் சேலையில்லாமல் வெறுங்குச்சியாக வரிசையில் கிடந்தன.

"அடிப்பாவி! எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டியே!"

பிரியந்தி நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஊசி. மடியில் ஒரு துணி.

திட்ட வாயெடுத்த நிலக்ஷி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பொம்மையின் சேலை பச்சை, ஒன்றினுடையது பொன்மஞ்சள், இன்னொன்று மயிற்கழுத்து நிறம். பன்னிரண்டும் பன்னிரண்டு கந்தல் துண்டுகள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது அந்த மடியில் ஒரு மயில் தோகை விரித்து நின்றது! கோட்டோடு கோடு, இறகோடு இறகு இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தது. நிலக்ஷி குனிந்து உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளும் நாங்கள் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தது இதையா?

மயிலின் தலையில் மட்டும் ஒரு ஓட்டை. கண் இருக்க வேண்டிய இடம்.

அவள் கை தானாகவே ஊக்கைக் கழற்றியது. பொம்மையின் கருநீலச் சேலையை அவிழ்த்து அந்த இடத்தில் வைத்தாள். தங்க வட்டம் கண்ணாகி அவளைப் பார்த்தது.

பிரியந்தி மளமளவென்று பத்துக் கூடைகளை எண்ணி அவள் முன்னால் வைத்தாள்.

"ஒன்னும் வேணாம்டி. மயிலுன்னு முன்னாடியே சொல்லிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!"

"சும்மா வேணாம்க்கா. பாவம்னு குடுப்பீங்க. ஒன்னு குடுத்து ஒன்னு வாங்கணும், அதானே சட்டம்?"

"பாவமா? எதுக்குப் பாவம்? இம்புட்டு அழகான துணிய வெட்ட உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

"நான் வெட்டலக்கா. பொம்மைக்கு நல்ல துணி இல்லன்னு நான் அழுதேன். அம்மா அவுங்க கல்யாணச் சேலை முந்தானைய அவுங்களே வெட்டிக் குடுத்தாங்க."

பிரியந்தி கடைசித் துண்டின் ஓரத்தில் ஊசியை ஏற்றினாள்.

"கார்த்திகை மழையில மலை சரிஞ்சுச்சுல்ல, அதுல நாங்க குடியிருந்த லயம், மிச்சச் சேலை, அம்மா, எல்லாத்தையும் மண்ணு மூடிருச்சு. இது மட்டுந்தான்க்கா உங்க எல்லார்கூடயும் ஊருக்குப் போயிருந்துச்சு."