கோழிக்கறியில் மண்

காக்கிக் கால்சட்டையும் தகரத் தொப்பியுமாகத் தெரேசா பின்கதவு வழியாக ஓடிவந்தாள். கையிலிருந்த சிவப்பு வாளி மணலை அப்படியே கறிச்சட்டியில் கவிழ்த்தாள்.

பெண் பார்க்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்த மஸ்கெலியாக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கோழிக்கறி மண்ணுக்குள் அடக்கமாகியிருந்தது.

இக்னேசியஸ் ஓடிவந்து சட்டியை இறக்கினான். தங்கச்சி பெற்றீசியா ஆக்கிய கறி. பெண் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தாள்.

"எங்க தீப்பிடிச்சுது?" என்று மனைவியைக் கேட்டான்.

"பொகை வந்துச்சுங்க."

"அடுப்புல பொகை வராம பன்னீரா வரும்?"

மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து நின்ற அவன் அம்மா அந்தோனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தேயிலை ஃபெக்டரியின் தீயணைப்புப் படையில் சேர்ந்து தெரேசா கால்சட்டை மாட்டிய நாளிலிருந்து அவளோடு இவள் பேசுவதில்லை. மகனையும் மருமகளையும் தோட்டத்தில் வேறு லயத்து வீட்டுக்கு விரட்டியும்விட்டாள்.

"பாத்தீங்களா, இவ அடுப்படிக்கு வந்தா இதுதான் கதி. எம்மக பாத்துப் பாத்து ஆக்குன கறிங்க."

தெரேசா தொப்பியைக் கழற்றிக் காலி வாளிக்குள் போட்டாள்.

மாப்பிள்ளை டக்ளஸ் சிரிப்பை அடக்க இருமினான். அவன் அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது.

"பாவம், பொண்ணு என்ன பண்ணும்? மண்ணைக் கொட்டுனதுல கருகல் வாடை வேற. கல்யாணத்தன்னிக்கி மட்டும் இந்த மருமகளைச் சமையல் பக்கம் விட்டுறாதீங்க."

கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டு, தேதியும் குறித்துவிட்டு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இக்னேசியஸ் வெடித்தான்.

"எங்கம்மா மேல கோவம்னா அதைத் தங்கச்சி கல்யாணத்துலயா காட்டுவ?"

"எனக்கென்னங்க கோவம்? உங்கம்மாதான் ஃபெக்டரி வாசலுக்கே ஓடியாந்தாங்க. பெற்றீசியா கறியைக் கருக்கிட்டாளாம். 'வந்து மானத்தைக் காப்பாத்து தாயி'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க."

இக்னேசியஸ் நடையை நிறுத்தினான். "நீ என்ன சொன்ன?"

"தீப்பிடிச்சாத்தான் நாங்க வரலாம்னேன். 'அதுக்கென்ன, தீயும் வச்சுடுறேன், நீ மொதல்ல வாளிய எடுடி'ன்னாங்க."