அரையங்குலம்

நாய் என்னைப் பார்த்து மட்டும்தான் குரைத்தது.

டேப் பிடிக்க என்னோடு வந்தவரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்ஜினியர் யார், எடுபிடி யார் என்று நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஓடை வளையும் இடத்தில் இதுதான் கடைசி வீடு. மூன்று நாளில் முப்பத்தாறு வீடுகளை அளந்து முடித்திருந்தோம். இது ஒன்றுதான் பாக்கி.

நான்கு வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று எழுத வேண்டும். மூன்றடிக்குள் என்றால் வீடு தப்பும். ஓடைப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் வரும். மூன்றடியைத் தாண்டினால் வீட்டை இடித்து ஓடையை அகலப்படுத்துவோம். அப்போதே எழுதி வைத்திருக்க வேண்டிய அளவுகள்தான் இவை. எழுத வேண்டிய எங்கள் ஆபீசே அந்த வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது.

வளைவில் இந்த ஒரு வீட்டை விட்டுவைத்தால் ஓடை அங்கே குறுகும். குறுகினால் தண்ணீர் எதிர்க்கரையில் ஏறும். எதிர்க்கரையில் நாற்பது வீடுகள்.

கதவைத் திறந்த அம்மாள் தையல்காரர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"முழங்கால் அளவுதான் சார் வந்துச்சு. அன்னைக்கே வடிஞ்சிருச்சு."

முப்பத்தாறு வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். எல்லாச் சுவரிலும் புதுப் பெயின்ட். வெள்ளக் கறை இருந்த இடம் தெரியாமல் பூசி மெழுகியிருந்தார்கள். சொந்த வீட்டை இடிக்கச் சொல்லி யார்தான் விரலை நீட்டிக் காட்டுவார்கள்?

அதனால் நான் சுவரைப் பார்ப்பதில்லை. பிளக் பாயிண்ட்டைப் பார்ப்பேன்.

வெள்ளத்தில் ஒருமுறை மின்சாரத்தால் சூடுபட்டவர்கள் அடுத்த வேலையாக சுவிட்ச் போர்டை மேலே ஏற்றுவார்கள். தண்ணீர் நின்ற இடத்துக்கு ஒரு சாண் மேலே. வாய் முழங்கால் என்று சொல்லும். பிளக் பாயிண்ட் நெஞ்சு உயரத்தில் இருக்கும். இந்த ரகசியம் எனக்கும் டேப் பிடிப்பவருக்கும் மட்டும்தான் தெரியும். பதினாறு வருடமாக என்னோடு வருகிறார். எந்த அளவிலும் அரை அங்குலத்தைக்கூட விட்டுத்தர மாட்டார் என்பதால் ஆபீசில் அவருக்குப் பெயரே அரையங்குலம்.

இந்த வீட்டில் பிளக் பாயிண்ட் தரைக்கு இரண்டரை அடி மேலேதான் இருந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்திலும் அப்படியே. பழைய போர்டு, பழைய திருகாணி.

அட, ஒருவராவது உண்மை சொல்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. 'இரண்டடி' என்று பேனாவால் எழுதினேன்.

அரையங்குலம் அன்று டேப்பைப் பிரிக்கவே இல்லை. வெயிலில் களைத்துவிட்டார் என்று நானும் கேட்கவில்லை.

"கரண்ட் இல்ல சார், காத்துக்கு வழியில்ல. தம்பி, நீங்களும் உக்காருங்க" என்றார் அம்மாள், இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தபடி.

அரையங்குலம் உட்காரவில்லை. ஜன்னல் வழியாக எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு வீட்டு வாசலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது அவருக்கு.

பார்வையைத் திருப்பாமலே கையைத் தூக்கி, பக்கத்துச் சுவரில் தொங்கிய திரைக்குப் பின்னால் விட்டார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அந்தத் திரைக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விலகிய திரைக்குப் பின்னால், கழுத்து உயரத்தில், புது சுவிட்ச் போர்டு.

அம்மாள் கையில் தம்ளர் அப்படியே நின்றது. அரையங்குலத்தின் கை பழக்கத்தில் போனதா, அவரே போகவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அவர் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். நுனியைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தார். புதுப் பெயின்ட் அடித்த சுவரில், ஒரு கறையோ கீறலோ இல்லாத இடத்தில், தேடாமல், தயங்காமல் கட்டைவிரலை வைத்தார்.

"டேய், வேண்டாம்டா" என்றார் அம்மாள். "நாம பொறந்த வீடுடா."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் போல ஒரு கண்ணைச் சுருக்கி டேப்பைப் படித்தார்.

"நாலடி சார். அரை அங்குலம் கூட."

இரண்டடியை அடித்துவிட்டு அதை எழுதினேன். அடித்து எழுதினால் இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். பேனாவை நீட்டினேன். வாங்கிப் போட்டார்.

நான் வாசலில் செருப்பு மாட்டும்போது நாய் மறுபடியும் குரைத்தது.

அவர் உள்ளே ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார்.