சுவரைப் பார்த்த படம்

வின்னிபெக் நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில், வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியாக மேசையில் கொட்டுகிறது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம்தான் கணக்கு. அதற்குப் பயிற்சி தரும் தியோவின் கைபேசியில் நொடிகள் இறங்குகின்றன. எதிரே வெர்னா, நாற்பது வயது நர்ஸ், அவனைவிடப் பதினாறு வயது மூத்தவள். வேதியியலும் உயிரியலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த வாசிப்புதான் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவதே கடைசி என்று அவளே சொல்லிவிட்டாள். எப்போதும் கேள்விகளை முதலில் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவைத் தேடுவதுபோல் கட்டுரையில் விடையைத் தேடுவாள். இன்று அப்படியில்லை. பென்சில் காதோரம் செருகியபடியே இருக்கிறது, உதடுகள் மெல்ல அசைகின்றன. அருங்காட்சியகக் காவலர் ஒருவர் ஒரே ஒரு ஓவியத்தை மட்டும் இருபது வருடம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்ததைப் பற்றிய கட்டுரை. அவள் காலணியில் ஒட்டிய பனி உருகி நாற்காலியடியில் குளம் கட்டுகிறது. கைபேசி மணி அடிக்கிறது. அவள் நிமிரவில்லை. தியோ சத்தமில்லாமல் அதை அணைக்கிறான்.

ஒருவழியாக அவள் தலையைத் தூக்குகிறாள். “ஒரு கேள்வியைக்கூடத் தொடலையே நீங்க!” என்கிறான் தியோ. “கேள்வி கிடக்கட்டும் வாத்தியாரே. அந்தப் படத்துல என்னதான் இருந்துச்சு?” “அதைத் தேர்வுல கேக்க மாட்டாங்க.” “நான் கேக்குறேன்ல?” தியோ இதே கட்டுரையைப் பதினொரு பேருக்கு நடத்தியிருக்கிறான். ஆறு கேள்விக்கும் விடை மனப்பாடம். இந்தக் கேள்வி மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை. கட்டுரைத் தாளை எடுத்து, பதில் அங்கே இருக்குமோ என்று பின்பக்கம் திருப்புகிறான். வெர்னாவும் எழுந்து எட்டிப் பார்க்கிறாள்.