நம்பர் விழுகிற கேமரா

மாலை வெயில் திண்டுக்கல் மெயின் ரோட்டுக் கேமராக் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் சாய்ந்து விழுகிறது. ஜீவிதா கைக்கொன்றாக இரண்டு சின்னக் கேமராக்களைப் பிடித்து வாசலில் நிற்கிறாள். சைக்கிளில் குலுங்குவதுபோல் கையை ஆட்டி ஆட்டி, ஓடும் பஸ்களைப் படம் பிடிக்கிறாள். முழங்கைப் புண் இன்னும் ஆறவில்லை. போன வாரம் சைக்கிளில் வேலைக்குப் போகையில் ஒரு மினிபஸ் அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. நம்பர் கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. "இதுல எடுத்தா சிறுமலையே சினிமா மாதிரி இருக்கும்மா," என்று விலை கூடியதைக் காட்டுகிறார் கடைக்காரர். "சிறுமலை என்னைய இடிக்கலண்ணே." எடுத்ததைப் போட்டுப் பார்க்கிறாள். விலை குறைந்ததிலும் அத்தனை குலுக்கலுக்கு நடுவே பஸ் நம்பர் எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. "இது போதும்." "பேசாம சைக்கிள விட்டுட்டு பஸ்ல போலாம்லம்மா?" "இடிச்சவன் பஸ் ஓட்டுறத விட்டுட்டானா?" அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் அவள் சைக்கிள் பக்கம் வருகிறார். ஹேண்டில்பாரில் அம்மா திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் வதங்கித் தொங்குகிறது. "பழத்தோட பழமா மறைச்சு மாட்டிரவா? வம்பு வராது." ஜீவிதா பழத்தை அவிழ்த்துப் பைக்குள் போடுகிறாள். "நடுவுல மாட்டுங்கண்ணே. நான் பாக்குறது அவனுக்குத் தெரியணும்."